மூன்றாம் சிலிண்டரின் இருமல்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஒரு வரியில் ஆரம்பித்து அடுத்த வரியில் போய் விழும். எங்கே ர, எங்கே ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பத்திரிகை ஆபீசில் இதைப் படித்து அச்சுக்கு அடிக்கிற பெண் போன வாரம் போன் செய்து, "அண்ணே, எண்ணெய்க் கறைக்கு அடியில என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அந்த வரியை விட்டுவிடச் சொன்னேன்.

பத்திரிகை ஆசிரியர் ஐயா இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சம்பவத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு எதையெதையோ எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று நான் பார்த்தது பெரிது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனிடம் அதற்குப் போதுமான வார்த்தைகள் இல்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

மழை விட்ட காலை

தீபாவளி கழிந்து சில வாரங்கள். நாள் கணக்காகப் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. மீனம்பாக்கத்தில் ஓடுதளத்தின் ஓரமாக எங்கள் பறக்கும் பள்ளியின் ஷெட். புல்லெல்லாம் ஈரம். தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே எங்கள் சின்ன விமானம் நின்றது. வெள்ளை உடம்பில் ஒரு நீலக் கோடு. அதனால் எங்களுக்கு அதன் பெயர் நீலக்கோடு. உள்ளே இடது பக்கம் மாணவி கயல், வலது பக்கம் ஆசிரியர் கேப்டன் ராகவன்.

கயல் அன்று முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாள். கேப்டன் அவளோடு ஒரு சுற்று போய்வந்து இறங்கிக்கொள்வார். அதன் பிறகு அவளும் விமானமும் மட்டும்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா மணி நின்றிருந்தார். தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருப்பவர். உதவித்தொகை கிடைத்துத்தான் மகள் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவர் தைத்தது. தோள் பட்டை வைக்கும் இடத்தில் தையல் மூன்று மடங்கு அழுத்தம். கையில் ஒரு ஸ்வீட் டப்பா வைத்திருந்தார்.

என் வேலை தீயணைக்கும் சிலிண்டரோடு பக்கத்தில் நிற்பது. ஷெட் வாசலில் டீ கிளாசோடு எங்கள் இன்ஜினியர் பொன்மலர் மேடம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த விமானமும் தரையை விட்டு எழும்ப முடியும்.

இன்ஜின் பிடித்தது. பிடித்ததும் இருமியது.

அதற்கு நாலு சிலிண்டர். நாலு பேர் சேர்ந்து நடந்து போகும்போது ஒருவர் மட்டும் நொண்டினால் எப்படியிருக்கும், அந்தச் சத்தம். விமானத்தின் மூக்கு கிடுகிடுவென்று ஆடியது. பின்னால் கறுப்பாக ஒரு கொத்துப் புகை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் நொண்டல் நின்றுவிட்டது. நாலு காலும் சரியாக விழுந்தன. பட்டுத்துணி கிழிவதுபோல ஒரே சீராக ஓடியது.

கேப்டன் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் மணி போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார்.

பொன்மலர் மேடம் டீ கிளாசைத் தரையில் வைத்தார். நேராக நடந்துபோய், விமானத்துக்கு எட்டத்தில், கேப்டன் கண்ணில் படும்படி நின்று, இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார்.

நிறுத்து என்று அர்த்தம்.

வாய்ச் சண்டை

"என்னம்மா பொன்மலர், நன்னா ஓடிண்டிருக்கே! எதுக்கு நிறுத்தச் சொல்றே?" கேப்டன் இறங்கி வந்தார். மயிலாப்பூர்க்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் குரல் ஏறாது.

"இப்ப ஓடுது சார். தொடங்கும்போது எப்படி ஓடிச்சு? அதைச் சொல்லுங்க." மேடத்தின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

"மழை ஈரம்மா. ரெண்டு இருமல் இருமித்து, சரியாப் போயிடுத்து."

"முந்தாநாள் தூறலுக்கு நடுவுல ஓட்டிப் பாத்தப்பவும் இருமிச்சு. காலையில மட்டும் குமட்டல், அப்புறம் ஒண்ணுமில்ல."

"மசக்கைன்னு சொல்லு."

"அந்த வியாதிக்குப் பேரே அதுதாம் சார். வெள்ளைக்காரனும் 'மார்னிங் சிக்னஸ்'னுதாம் சொல்லுதான். வால்வு பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு அரை நிமிசத்துல விட்டுட்டு. ஒருநா விடாது. அது தரையில இருக்கும்போது நடந்தா நமக்கு நல்ல காலம். பிள்ளை தனியா ஏறும்போது நடந்தா?"

கேப்டன் விமானத்தின் மூக்கைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் அவர் பெங்களூருக்குக் கிளம்புகிறார், மகளுக்குப் பிரசவம். திரும்பி வர மாதங்கள் ஆகும். அதற்குள் கயல் தனியாகப் பறக்காவிட்டால், புதிதாக வருகிற ஆசிரியரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதவித்தொகைக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

இதற்குள் மணி வாசல் வழியாகச் சுற்றி உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், வண்டி நல்லாத்தான ஓடிகினு கீது? எம் பொண்ணு ஏறும்போது மட்டும் இன்னா ஆயிடுது அதுக்கு? தையக்காரன் பொண்ணுன்னு பாக்குறீங்களா?"

"நைனா, சும்மா இரு." கயல் முகம் சிவந்துவிட்டது.

"நீ இரு கண்ணு. நான் கேக்கணும்ல?"

மேடம் கோபப்படவில்லை. மணியைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காலையில வெளிச்சம் வந்ததும் வாங்கண்ணே. இன்ஜின் ஆறி இருக்கணும், அப்பதாம் தெரியும். உங்க கண்ணு முன்னாடியே பாப்போம். ஒண்ணுமில்லைன்னா நானே உங்க மககிட்ட மன்னிப்பு கேக்கேன்."

மணி டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் யாரும் அதைத் திறக்கவில்லை.

ஆணி போன்ற ஒன்று

வால்வு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தலை அகன்ற பெரிய ஆணியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு சுட்டுவிரல் தடிமன்கூட இருக்காது. தலை பழைய வெள்ளி ரூபாயைவிடப் பெரியது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்த பிறகு புகை வெளியே போக வேண்டும் அல்லவா? அந்தக் கதவுதான் இது. திறக்கும், மூடும். பறக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். அதன் முகம் உள்ளே நெருப்பில் சிவந்து போயிருக்கும்.

தண்டு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அதற்குப் பெயர் கைடு. தண்டுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு தலைமுடி போகும் அளவுக்குத்தான் இடம். விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. அந்த ஈயமும் தீய்ந்த எண்ணெயும் சேர்ந்து அந்த முடியளவு இடத்தில் படிந்தால், தண்டு பிடித்துக்கொள்ளும்.

முதன்முதலில் மேடம் ஒரு பழைய வால்வை என் உள்ளங்கையில் வைத்து இதைச் சொன்னபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது அடையாற்றுக் கரையில். குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பும்வரை அங்கேதான் இருந்தோம். விமானங்கள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம், சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். அத்தனை வருஷமும் மேலே பார்த்தவன் இறக்கையைத்தான் பார்த்தேன். ஒரு முடியளவு இடைவெளியை நம்பித்தான் மனிதர்கள் மேலே போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கடவுள் நம்பிக்கை எனக்கு உண்டு. கபாலீசுவரர் கோயில் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றபடியே கும்பிட்டுவிட்டு வருவேன், உள்ளே கூட்டத்தில் நுழையக் கூச்சம். அந்த வால்வைக் கையில் வாங்கியபோதும் என்னையறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன். மேடம் கவனித்தார். சிரிக்கவில்லை.

தோசைக்கல்

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். மணி ஸ்வீட் கொண்டுவரவில்லை.

மேடம் சாவியைக் கழற்றித் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். புரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன்னால் சாவி அவர் கழுத்தில் இருப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இது எங்கள் ஷெட்டின் சட்டம். பார்த்தேன்.

"மெதுவா சுத்துங்க ஏழுமலை அண்ணே. ஒவ்வொண்ணா."

பிளேடைப் பிடித்து இழுத்தேன். உள்ளே காற்று அமுங்கி எதிர்த்துத் தள்ளியது. காற்றடித்த டயரைக் கையால் அழுத்துவதுபோல. அப்புறம் விட்டது. அடுத்ததும் அதேபோல் தள்ளியது. அதற்கடுத்த முறை பிளேடு என் கையோடு சும்மா வந்துவிட்டது. எதிர்ப்பே இல்லை, மூடாத கதவு வழியாகக் காற்று ஓடிப்போயிருந்தது. படியிருக்கும் என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாததுபோல் இருந்தது.

"மேடம்..."

"தெரியுது. உங்க தோள்ல தெரிஞ்சுட்டு. எல்லாரும் பின்னாடி போங்க."

சாவியைப் போட்டு இன்ஜினைத் தொடங்கினார். இருமியது. சரியாவதற்குள் நிறுத்திவிட்டார். மூக்கின் மூடியைத் திறந்து வைத்து, சாவியை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். விரலை நனைத்து ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் தெளித்தார்.

முதல் குழாய், சுர்ர்.

இரண்டாவது, சுர்ர்.

மூன்றாவதில் தண்ணீர் துளியாக அப்படியே நின்றது.

நாலாவது, சுர்ர்.

"இன்னா மேடம், தோசைக்கல்லு காஞ்சிச்சான்னு பாக்குறா மாதிரி!" மணி எட்டிப் பார்த்தார்.

"அதேதாம். மூணு கல்லு காஞ்சிருக்கு, ஒண்ணு காயல. அந்த வீட்டுல அடுப்பு எரியல."

மணி தாமே விரலை நனைத்து மூன்றாவது குழாயில் வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே தம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"மழைக்காலத்துல மெஷின எண்ண போடாம வுட்டா ஊசிக்கம்பி புடிச்சுக்கும் மேடம். மொத கொஞ்சம் மக்கர் பண்ணும். அப்பறம் ஓடும். நம்ம ஓடுதேன்னு வுட்டுடுவோம். ஒருநாளு ஜாக்கெட்டு நடுவுல நின்னுடும்."

"ஆமாண்ணே."

"என்து நின்னா நூலு அறும், அவ்ளோதான்." விரலைக் குழாயிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் அன்பு செய்த வேலை



"இந்த இன்ஜின்ல இவ்வளவு சீக்கிரம் ஏன் படியணும்?" மேடம் யாரையும் பார்க்காமல் கேட்டார். "எண்ணெய் மாத்தியாச்சு. இந்த மழைக்கு முன்னாடி சரியாத்தானே இருந்துச்சு."

கேப்டன்தான் முதலில் புரிந்துகொண்டார். "ஆயுத பூஜை," என்றார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை பெரிய கொண்டாட்டம். எல்லோருடைய குடும்பமும் வரும். என் மனைவி செல்விக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்கடை. புரொப்பெல்லருக்கான ரோஜா மாலை ஒவ்வொரு வருஷமும் அவள் உபயம். சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், பூசணிக்காய். அதன் பிறகு மாலையைக் கழற்றிவிட்டு, கேப்டன் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைத் தொடங்குவார். விமானத்துக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகளை நிற்க வைப்போம். புரொப்பெல்லர் காற்று வந்து அடிக்கும். பாவாடையும் தலைமுடியும் பறக்கும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார்கள். கேப்டனும் நிறுத்த மாட்டார். பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று வேகத்தையும் ஏற்ற மாட்டார். மெதுவாக, பெட்ரோலைத் தாராளமாக விட்டு, அப்படியே ஓடவிடுவார்.

அந்த வருஷம் கூட்டம் அதிகம். காற்று வாங்கியது வெகு நேரம். அதோடு நிறுத்தி உள்ளே தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினோம். மறுநாள் மழை பிடித்தது. வாரக்கணக்கில் நீலக்கோடு பறக்கவே இல்லை.

"மெதுவா ஓடினா உள்ள சூடு பத்தாது சார். சூடு இருந்தாத்தாம் ஈயம் புகையோட வெளிய போகும். சூடு இல்லைன்னா அங்கேயே அடிப்பிடிக்கும். சோத்துப் பானை மாதிரி. அதுக்கப்புறம் பறந்திருந்தாலும் கொஞ்சம் கழுவிக்கிட்டுப் போயிருக்கும். நாம மூடிப் போட்டுட்டோம்."

கேப்டன் இறக்கையில் கை வைத்து நின்றார். "குழந்தைகள் சிரிச்சுதுகள், பொன்மலர். அதான் நிறுத்த மனசு வரலே."

"எனக்கும் பாக்க நல்லாத்தாம் இருந்துச்சு சார். நானும் சுண்டல் தின்னுக்கிட்டு நின்னேன்லா?"

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.  மாலை போட்டு, பொட்டு வைத்து, அவ்வளவு பிரியமாக அதன் தொண்டையை நாங்களே அடைத்திருக்கிறோம்.

கயிறு

சிலிண்டரைக் கழற்றினால் பழுதுபார்ப்பது சுலபம். ஆனால் திருப்பி மாட்டத் தேவையான சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் கேப்டன் போய்விடுவார். கழற்றாமல் செய்ய ஒரு வழி உண்டு என்றார் மேடம். அதற்கு மெத்தென்ற நைலான் கயிறு வேண்டும், நூல் பிரியாததாக. ஷெட்டில் இருந்தது நைந்துபோயிருந்தது.

நான் மயிலாப்பூருக்குப் போய், குளத்துக்குப் பின்னால் ஒரு கடையில் கயிறு கேட்டேன்.

"துணி காயப்போடவா?" கடைக்காரர் கேட்டார்.

விமானத்துக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆமாங்க," என்றேன்.

"மாமா, கொடிக்கு இது வேணாம். ரொம்ப மெத்துனு இருக்கும்."

"பரவால்ல, குடுங்க."

என்னைப் பாவமாகப் பார்த்தபடி வெட்டிக் கொடுத்தார்.

கயிற்றின் முனையை மேடம் தீக்குச்சியால் உருக்கி அடைத்தார். மூன்றாம் சிலிண்டரில் தீப்பொறி தரும் மேல் பிளக்கைக் கழற்றி, அந்தச் சின்ன ஓட்டை வழியாக நான் கயிற்றை உள்ளே விட்டேன். போய்க்கொண்டே இருந்தது. முனையை மட்டும் வெளியே தொங்கவிட்டு, மேடம் சொன்னபடி புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். உள்ளே பிஸ்டன் ஏறி, கயிற்றுச் சுருளை மேலே அமுக்கி, வால்வுகளின் முகத்தில் மெத்தை வைத்ததுபோல் முட்டுக் கொடுத்து நின்றது.

இரும்பும் நெருப்புமாக இருக்கிற அந்த அறைக்குள் துணிக்கொடிக் கயிறு தலையணையாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் யோசித்த மனிதர் யாரோ, எந்த ஊரோ! அவரை நினைத்து அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தேன்.

இனி வால்வு உள்ளே விழாது. மேடம் ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் இரண்டு பிறைத் துண்டுகளை எடுத்தார். ஸ்பிரிங் வெளியே வந்தது. கயிற்றை உருவி, பிஸ்டனைக் கீழே இறக்கினோம். ஆரோக்கியமான வால்வு இப்போது தன் எடையிலேயே கீழே நழுவ வேண்டும். இது அசையவில்லை. மேடம் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினார். நகக்கண் அளவுகூட நகரவில்லை. மறுபடி தட்டினார். கரகரவென்று இறங்கியது.

மணி கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

முடிச்சு

வால்வு உள்ளே இறங்கினால் அதைத் திருப்பி மேலே இழுக்க ஒரு வழி வேண்டும். தண்டின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. அதில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலைக் கட்டி வைத்திருந்தார் மேடம். எண்ணெய் வழுக்கியது. இறங்கும்போது பாதி வழியில் நூல் தனியாக மேலே வந்துவிட்டது. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம்.

வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிட்டது.

"கெடக்கட்டும். அங்கேதானே இருக்கும், எங்க போயிரும்?" என்றார் மேடம். ஆனால் அவர் நெற்றியில் வியர்வை.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வளைத்த கம்பியும் வைத்து நோண்டிக்கொண்டே இருந்தார். கயல் டார்ச் பிடித்தாள். கடைசியில் வால்வின் தண்டு பிளக் ஓட்டை வழியாகத் தலை நீட்டியது. அப்படியே பிடித்து நிறுத்தி, அதில் படிந்திருந்த கறுப்பை மேடம் துடைத்து வழித்தார். பிறகு கைடுக்குள், ஓட்டையைச் சுரண்டும் ரீமரைக் கிரீஸ் பூசி மேலிருந்து இறக்கி, கையாலேயே மெதுவாகத் திருகினார். கிரீஸில் ஒட்டிக்கொண்டு கறுப்புப் பொருக்கு வந்தது. காய்ந்த அடிச்சோறு மாதிரி. துடைத்தார், மறுபடி திருகினார், துடைத்தார். கிரீஸ் வெளுப்பாக வரும்வரை விடவில்லை.

இப்போது வால்வைத் திரும்ப மேலேற்ற வேண்டும். மறுபடி நூல் கட்ட வேண்டும். மறுபடி வழுக்கினால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

"ஏழுமலை அண்ணே, நீங்க கட்டுங்க."

"நானா மேடம்?"

"வீட்டுல பூ கட்டுவீயள்லா? செல்வியக்கா சொல்லியிருக்காங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மைதான். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது சாயங்காலம் செல்விக்கு உதவி செய்வேன், கடையின் உள்பக்கமாக, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து. ஆம்பிளை பூ கட்டுகிறான் என்று யாரும் பார்க்கக் கூடாதென்று.

"நான் முடிச்சுப் போட்டா சுமாராத்தாம் வரும். உங்க கைய குடுங்க," என்றார் மேடம்.

மல்லிகைக் காம்பைப் பிடிக்கிற முடிச்சு இறுக்கிக் கட்டுவதல்ல. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். நூலை விரலில் சுற்றி, மடக்கி, காம்புக்கு மேல் போட்டுவிட்டால் போதும். பூ எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் முடிச்சு இறுகும். அதையே போட்டேன். தண்டின் பள்ளத்தில் நூல் போய் உட்கார்ந்ததை என் கட்டைவிரல் சொன்னது.

மேடம் கைடு வழியாக நுனியில் கொக்கி வளைத்த மெல்லிய கம்பியை இறக்கி, நூலின் மறுமுனையைக் கொக்கியில் பிடித்து மேலே எடுத்தார். "இழுக்கேன்," என்றார்.

வால்வு உள்ளே போனது. நூல் இறுகியது. உள்ளே எங்கோ இருட்டில் அது தடுமாறிப் புரள்வது நூல் வழியாகத் தெரிந்தது. பிறகு சத்தமே இல்லாமல், கைடின் மேல்வாயில் தண்டின் நுனி பளபளவென்று எட்டிப் பார்த்தது.

"வந்துட்டான்!" மணிதான் முதலில் கத்தினார்.

மேடம் தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்தார். எண்ணெயில் நழுவும் கண்ணாடி வளையல் மாதிரி அது போய் வந்தது. "தொட்டுப் பாருங்கண்ணே," என்றார் மணியிடம். மணி ஒரே ஒரு விரலால் தொட்டார்.

நாலு கால்

மேடம் ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி, மற்ற மூன்று சிலிண்டர்களையும் சோதித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கேப்டன் முதலில் தனியாக ஒரு சுற்று பறந்து பார்த்தார். கேப்டன் பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, கயலை நீலக்கோட்டில் உட்கார வைத்தார்கள்.

இன்ஜின் பிடித்தது. இருமவில்லை. ஓடுபாதைக்கு உருண்டு போகும்போதே ஈயம் படியாமலிருக்கப் பெட்ரோலைக் குறைத்து வைக்கச் சொல்லி மேடம் அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார். கேப்டனோடு ஒரு சுற்று போய் வந்தாள். கேப்டன் இறங்கிக் கதவைச் சாத்தி, கண்ணாடியில் ஒருமுறை தட்டிவிட்டுப் புல்லில் நடந்து வந்தார்.

அவள் கிளம்பினாள்.

மணி வேலியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். கேப்டனும் மேலே பார்த்தார். மேடம் தரையைப் பார்த்து நின்றார், தலையைச் சாய்த்து. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தரையைப் பார்த்தேன். நாலு கால். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது ஒவ்வொரு முறையும் சரியாக வந்து விழுந்தது. ஆயிரம் தடவை, மறுபடி ஆயிரம் தடவை. வானத்தில் எங்கோ அந்த முடியளவு இடத்தில் என் கை தொட்ட தண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஒரு தையல்காரரின் மகள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்ததும் வழக்கப்படி அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அப்பா தைத்த சட்டை உடம்போடு ஒட்டியது. மணி மேடத்திடம் வந்து நின்றார்.

"ஸ்வீட் எங்கண்ணே?" என்றார் மேடம்.

காற்று வராத பூஜை

அதற்குப் பிறகு ஷெட்டில் சில பழக்கங்கள் மாறின. பறக்கப் போவதில்லை என்றால் இன்ஜினைத் தொடங்குவதில்லை. மழைக்காலத்தில் வானம் விட்டால் அன்றே ஒரு சுற்று. பறந்து வந்ததும் பட்டென்று நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஆறவிட்டு நிறுத்துவது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பார்த்து எண்ணெய் மாற்றுவது. காலையில் ஒரே ஒரு இருமல் இருமினாலும் மேடத்திடம் சொல்வது. சொல்ல நான் இப்போது கூச்சப்படுவதில்லை.

நேற்று இந்த வருஷத்து ஆயுத பூஜை. செல்வியின் மாலை, சந்தனம், பொரி எல்லாம் உண்டு. பிள்ளைகள் வழக்கம்போலக் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கேப்டன் மாலையைக் கழற்றினார். கயல் ஏறி உட்கார்ந்தாள், கேப்டன் பக்கத்தில். இன்ஜின் பிடித்ததும் பிள்ளைகள் கூவினார்கள். ஆனால் நீலக்கோடு நிற்கவில்லை. நேராக உருண்டு போய்விட்டது.

"இன்னாய்யா இது, காத்தே வரல?" செல்வி என்னிடம் கேட்டாள்.

"மேல பாரு."

குங்குமப் பொட்டோடு அது எங்கள் தலைக்கு மேல் வந்தது. பிள்ளைகள் கத்துவதை விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். அவள் கட்டிய ரோஜாவின் ஒரு இதழ் எங்கோ ஒட்டிக்கொண்டு அதோடு மேலே போயிருக்குமோ என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

இறங்கி, ஆறவிட்டு, நிறுத்தினார்கள். சாவி மேடத்தின் கழுத்துக்கு வந்தது. பார்த்தேன். அப்புறம் விரலைத் தண்ணீரில் நனைத்து, நாலு குழாயிலும் தெளித்தேன்.

சுர்ர். சுர்ர். சுர்ர். சுர்ர்.

இன்று காலை செல்வி கடைக்குக் கிளம்பும்போது, பேனாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.  உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

விஜயதசமி, காலை.